சூ ஜான்சன்: முதல் ஆய்வுக்கும் முதல் பொதுப் புத்தகத்துக்கும் இடையே 23 ஆண்டுகள்

தாம்பத்தியம், உறவு, தன்முன்னேற்றம் என்று எழுதும் உளவியலாளர்களுக்கு உலகில் பஞ்சமே இல்லை. அவர்களில் பலருடைய தொழில் வாழ்க்கை ஒரே வரிசையில்தான் நகரும். முதலில் ஒரு புத்தகம் ஓடும். பிறகு மேடை, பயிலரங்கு, தொலைக்காட்சி. ‘இது உண்மையிலேயே பலன் தருகிறதா?’ என்ற கேள்வி கடைசியில் வரும், வராமலும் போகும். பிரிட்டனில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சூ ஜான்சனின் வாழ்க்கையில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். அவர் உருவாக்கிய தம்பதி சிகிச்சைமுறை பரிசோதனைக்கு உட்பட்டு, அதன் முடிவு அச்சில் வந்தது 1985ல். பொது வாசகர்களுக்கு அவர் எழுதிய முதல் புத்தகமான ‘ஹோல்ட் மீ டைட்’ வந்தது 2008ல். அப்போது அவருக்கு வயது 60.

இடையில் இருந்த 23 ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. உறவுகளைப் பற்றிப் பேசும் ஒருவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யோசிக்கிற எவருக்கும் அவர் போன வழி உதவும். அந்த வழியில் இருக்கும் ஓட்டைகளையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். அவருடைய எழுத்தின் மேல் எனக்கு மதிப்பு அதிகம், அதனாலேயே அதை மழுப்ப விரும்பவில்லை.

பப்பில் வளர்ந்த சிறுமி

1947 டிசம்பர் 19 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். அவர் வளர்ந்தது அப்பாவின் பப்பில். ஆட்கள் சந்திப்பது, சிரிப்பது, குடிப்பது, சண்டை போடுவது, காதலிப்பது எல்லாவற்றையும் சிறு வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் மிக நெருக்கமாகப் பார்த்தது தன் பெற்றோரின் திருமணம் சிதைந்ததைத்தான். இருவருக்கும் இடையே அன்பு இருந்தது என்பதில் அந்தச் சிறுமிக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் ஓயாத சண்டை. கடைசியில் பிரிந்தார்கள். பிரிந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், தன் கடைசி நாட்களில் அப்பா அம்மாவை நினைத்து அழுததாக அவர் பதிவு செய்திருக்கிறார். இதையெல்லாம் பார்த்த சூ முதலில் எடுத்த முடிவு, திருமணமே செய்துகொள்ளக் கூடாது என்பது. அந்த முடிவு பிறகு மாறியது.

இந்த மாதிரி இளமைக்கதையை எழுத்தாளர்கள் முன்னுரையில் வைப்பது வழக்கம்தான். இவர் விஷயத்தில் அதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அன்பு இல்லாததால்தான் சண்டை என்று எடுத்துக்கொண்டால் சிகிச்சை ஒரு பக்கம் போகும். அன்பு இருந்தும் சண்டை என்றால் கேள்வியே வேறு. ஜான்சன் தன் தொழில் வாழ்க்கை முழுவதும் கேட்டது இந்த இரண்டாவது கேள்வியை.

ஹல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போனார். மனநலச் சிக்கல் உள்ள பதின்வயதினருக்கான சிகிச்சை இல்லத்தில் வேலை செய்தார். அப்புறம் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலில் முனைவர் படிப்பு, 1984ல் பட்டம். தம்பதிகளோடு அவர் முதன்முதலாக உட்கார்ந்தது இந்தக் காலத்தில்தான். தனி மனிதர்களோடும் பதின்வயதினரோடும் நன்றாகவே வேலை செய்து பழகியிருந்தவர், கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து மோதும் வேகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

கைவசம் இருந்த கருவிகள்

அந்தக் காலத்தில் தம்பதி ஆலோசகர்களிடம் என்னென்ன இருந்தன? நடத்தைச் சிகிச்சைக்காரர்கள் உறவைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தார்கள். நீ இதைச் செய்தால் நான் அதைச் செய்கிறேன் என்று பட்டியல் போட்டு ஒப்பந்தம் எழுத வைப்பார்கள். குறுக்கே பேசாமல் கேட்பது, குற்றம் சாட்டாமல் சொல்வது, பிரச்சினையைக் கூறு போட்டுத் தீர்ப்பது போன்ற திறன்களைக் கற்றுத் தருவார்கள். உளப்பகுப்பாய்வு வழிவந்தவர்கள் இருவரின் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவார்கள். குடும்ப அமைப்புச் சிகிச்சையின் சில பள்ளிகளில், ஒருவரை ஒருவர் அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பதே நோய் என்ற எண்ணம் இருந்தது. நன்கு வளர்ந்த மனிதன் தன் காலில் தானே நிற்பான் என்பது பொதுவான நம்பிக்கை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, உணர்ச்சியைச் சந்தேகத்தோடு பார்த்தது. அழுகையும் கோபமும் அறைக்குள் வந்தால் அவற்றைத் தணித்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே நடைமுறை.

ஜான்சன் இந்தக் கருவிகளை எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தார். அறைக்குள் அழகாகப் பேசப் பழகிய தம்பதிகள், சூடு ஏறியதும் கற்றதை எல்லாம் மறந்துவிட்டார்கள். காரணம் தேடி அவர் கோட்பாட்டு நூல்களுக்குள் போகவில்லை. சிகிச்சை அமர்வுகளின் ஒளிப்பதிவுகளைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருடைய ஆய்வு வழிகாட்டி லெஸ்லி கிரீன்பெர்க், சிகிச்சையின்போது மனிதர்களுக்குள் மாற்றம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதை நுணுக்கமாக ஆராய்ந்தவர். அந்தப் பழக்கம் மாணவிக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த நொடியில் இருவரும் விலகுகிறார்கள், எந்த நொடியில் நெருங்குகிறார்கள், அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள் என்று கவனித்துக் குறித்தார்கள்.

என் பார்வையில் அவருடைய முழுத் தொழில் வாழ்க்கைக்கும் அடித்தளம் இந்த டேப் பார்த்த காலம்தான். பிற்பாடு வந்த கோட்பாடும் புகழும் அதன் மேல் எழுந்தவை.

சண்டையை நடுவில் நிறுத்திப் பார்த்தால்

அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் இல்லை. தம்பதிகளோடு வேலை செய்யும் எந்த ஆலோசகரும் அடிக்கடி பார்ப்பது.

மனைவி சொல்கிறார்: “நான் பேசிட்டே இருக்கேன், நீ போனைப் பாத்துட்டு உக்காந்திருக்க. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு.” கணவன் பதில் சொல்வதில்லை. மனைவியின் குரல் உயர்கிறது. “பாத்தியா, இப்பவும் வாயத் திறக்க மாட்ட.” கணவன் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறார். மனைவி பின்னாலேயே போகிறார். கதவு சாத்தப்படுகிறது.

பேச்சுத்திறன் கற்றுத் தருபவருக்கு இங்கே இரண்டு குறைகள் தெரியும். மனைவி மென்மையாகச் சொல்லக் கற்க வேண்டும், கணவன் காது கொடுத்துக் கேட்கக் கற்க வேண்டும். ஜான்சனும் கிரீன்பெர்க்கும் பார்த்தது இருவருக்கும் இடையே ஓடும் சுழலை. மனைவி துரத்தத் துரத்தக் கணவன் விலகுகிறார். அவர் விலக விலக மனைவி துரத்துகிறார். யார் தொடங்கியது என்று கேட்டால் இருவருமே மற்றவரைக் கைகாட்டுவார்கள், இருவரும் சொல்வது அவரவர் அளவில் சரியாகவும் இருக்கும்.

சுழலுக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஆலோசகர் அவசரப்படாமல் அந்தக் கணத்திலேயே நின்று, “அவர் எழுந்து போகும்போது உங்களுக்குள்ளே என்ன ஆகுது?” என்று மெதுவாகக் கேட்டால், மனைவியின் கோபத்துக்கு அடியிலிருந்து பயம் வெளியே வரும். நான் இவருக்கு ஒரு பொருட்டே இல்லையோ, நாளைக்கு நான் இல்லாமல் போனாலும் இவருக்குத் தெரியாதோ என்ற பயம். கணவனிடம் அதே கேள்வியைக் கேட்டால், கல்லாக உட்கார்ந்திருந்தவர், எதைச் செய்தாலும் தப்பாகத்தான் போகிறது, வாயைத் திறந்தால் இன்னும் மோசமாகும் என்று நடுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்வார். அவர் விலகியது அக்கறை இல்லாததால் அல்ல, தோற்றுப்போனவன் என்ற எண்ணம் தாங்க முடியாததால். இது இரண்டும் மற்றவர் காதில் விழும் கணத்தில்தான், அதுவரை திறன் பயிற்சியால் அசையாத ஒன்று அசைகிறது.

இந்தக் கண்டுபிடிப்பைச் சுற்றிக் கட்டிய முறைக்கு உணர்ச்சி மையத் தம்பதி சிகிச்சை என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக இஎஃப்டி. முதலில் சுழலை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைப்பது. பிறகு, விலகி நிற்பவரை வெளியே வரவழைத்து, குற்றம் சாட்டுபவரைத் தன் பயத்தையும் தேவையையும் மென்மையாகக் கேட்க வைப்பது. மூன்றாவதாக, புதிய பழக்கத்தை ஊன்றச் செய்து, பழைய பிரச்சினைகளைப் புதிய நிலையிலிருந்து பேசித் தீர்ப்பது. மூன்று கட்டம், ஒன்பது படிகள். இரண்டாம் கட்டத்தில் குற்றம் சாட்டுபவர் மென்மையாகும் அந்தத் திருப்பத்தை எட்டும் தம்பதிகள்தான் நன்றாகத் தேறுகிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆலோசகர்களுக்கு மிகக் கடினமானதும் அதுவே.

45 தம்பதிகள்

புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் உடனே அதைப் பரப்பக் கிளம்புவது இயல்பு. ஜான்சன் தன் முனைவர் பட்ட ஆய்விலேயே அதைப் போட்டிக்கு நிறுத்தினார். 45 தம்பதிகளைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணர்ச்சி மையச் சிகிச்சை. இன்னொன்றுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் பெற்றிருந்த பிரச்சினை தீர்க்கும் பயிற்சி. மூன்றாவது பிரிவு காத்திருப்புப் பட்டியலில். சிகிச்சை பெற்ற இரு பிரிவுக்கும் தலா எட்டு அமர்வுகள்.

இரண்டு சிகிச்சைகளுமே காத்திருந்தவர்களைவிட மேலான பலன் தந்தன. அவற்றுக்குள் உணர்ச்சி மையச் சிகிச்சை பெற்றவர்கள் திருமண நிறைவிலும் நெருக்கத்திலும் முன்னே இருந்தார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் திருமண நிறைவில் அந்த வித்தியாசம் இருந்தது. ஆய்வு 1985ல் வெளியானது. புது முறையை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைத்தான் இதில் கவனிக்க வேண்டும். வெறும் காத்திருப்புப் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்து கேட்டதாலேயே முன்னேற்றம் வந்தது என்று யாரும் சொல்லியிருக்கலாம். இவர்கள் அன்றைய பலமான போட்டியாளரையே எதிரே நிறுத்தினார்கள்.

குறையும் இருந்தது. 45 என்பது சின்ன எண்ணிக்கை. எட்டு வாரம் என்பது திருமணத்தில் ஒரு மூச்சு நேரம். சிகிச்சையை உருவாக்கியவர்களே அதைச் சோதித்தார்கள். இந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேரமா, பிணைப்பா

பலன் கிடைக்கிறது என்று தெரிந்தது. ஏன் கிடைக்கிறது என்பதற்குத்தான் விடை இல்லை. 1986ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை அதற்கு விடை தேடியது. தாம்பத்தியத்தைப் பகுத்தறிவுள்ள இருவரின் பேரமாகப் பார்ப்பதா, உணர்ச்சிப் பிணைப்பாகப் பார்ப்பதா என்று அது கேட்டது. பேரம் என்றால் நல்ல ஒப்பந்தம் போதும். பிணைப்பு என்றால், அது அறுந்துவிடுமோ என்ற பீதியைத் தொடாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது.

அவர் கையில் எடுத்தது பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பியின் சிந்தனையை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடிழந்து பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைகளின் மனநலம் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951ல் அறிக்கை எழுதியவர் போல்பி. தாயோடு குழந்தைக்கு உள்ள பிணைப்பு பாலுக்காக வருவதல்ல, பாதுகாப்புக்கான அடிப்படைத் தேவை என்றார். பிரிவில் குழந்தை முதலில் கதறி எதிர்க்கும், பிறகு சோர்ந்து விழும், கடைசியில் ஒட்டாமல் ஒதுங்கிவிடும் என்று அவரும் உடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் காட்டினார்கள். டேப்பில் பார்த்த மனைவியின் கத்தலை எதிர்ப்பாகவும், கணவனின் ஒதுக்கத்தை ஒட்டாமையாகவும் ஜான்சனால் படிக்க முடிந்தது. பெரியவர்களின் காதலும் இதே வகைப் பிணைப்புதான் என்று உளவியலாளர்கள் சிண்டி ஹாசனும் ஃபிலிப் ஷேவரும் 1987ல், ஒரு செய்தித்தாள் வழியே வினாக்கள் கேட்டு நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் காட்டினார்கள். ஜான்சன் சிகிச்சை அறையிலிருந்து அதே இடத்துக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டிருந்தார்.

இதில்தான் குருவும் மாணவியும் மெல்லப் பிரிந்தார்கள். இருவரும் சேர்ந்து 1988ல் சிகிச்சை நூல் ஒன்றை எழுதினார்கள். பிறகு கிரீன்பெர்க் தனிமனிதச் சிகிச்சையில் உணர்ச்சியின் பங்கை ஆழமாக ஆராயப் போனார். ஜான்சன் பிணைப்புக் கோட்பாட்டை மையமாக்கி, 1996ல் ஆலோசகர்களுக்கான தன் சொந்தக் கையேட்டை எழுதினார். ஒட்டாவா பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி, மருத்துவமனைக்கு வரும் தம்பதிகளோடு வேலை, பயிற்சி என்று நாட்கள் ஓடின. 1998ல் பயிற்சிக்கும் சான்றளிப்புக்கும் ஒரு சர்வதேச மையத்தை ஒட்டாவாவில் தொடங்கினார். சான்று வேண்டும் என்றால் ஆலோசகர் தன் அமர்வின் பதிவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பேச்சை நம்பாமல் டேப்பைப் பார்ப்பது பயிற்சியிலும் தொடர்ந்தது.

மன்னிக்க முடியாத அந்த ஒரு நாள்

சிகிச்சை சிலரிடம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சுழல் தணிந்திருக்கும், பேச்சு இளகியிருக்கும். “இப்போது அவரிடம் கேளுங்கள்” என்றதும் ஒருவர் இறுகிவிடுவார். “இல்ல. அன்னிக்கு மாதிரி இனி ஒரு தடவை என்னால முடியாது.” அன்னிக்கு என்ன? கருச்சிதைவு ஆன நாளில் அவர் வேலைக்குப் போய்விட்டார். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன அன்று தோளில் கை வைக்காமல் பேச்சை மாற்றினார். வெளியாள் பார்வையில் சிறியதாகத் தெரியலாம். மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் கைவிட்டதாக மனதில் பதிந்துவிட்ட நாள் அது.

தோல்விகளைச் சிகிச்சைக்கு ஒத்துழைக்காத தம்பதிகள் என்று ஒதுக்காமல், ஜான்சனும் மாணவர்களும் அவற்றையே ஆராய்ந்தார்கள். 2001ல் இதற்குப் பிணைப்புக் காயம் என்று பெயரிட்டு, அதைத் தாண்டிய தம்பதிகள் எந்த வரிசையில் தாண்டினார்கள் என்று படிகளாக்கினார்கள். காயப்படுத்தியவர் விளக்கம் சொல்வதை நிறுத்தி, எதிரே இருப்பவரின் வலியைப் பார்த்துத் தானும் கலங்கும் இடம் அதில் முக்கியமானது. வாயால் சொல்லும் ‘சாரி’ அந்த இடத்தை நிரப்புவதில்லை. 2006ல் வெளியான ஆய்வில் 24 தம்பதிகள் கலந்துகொண்டனர். சராசரியாக 13 அமர்வுகளில் 15 தம்பதிகள் அந்தக் காயத்தைக் கடந்தார்கள். ஒன்பது தம்பதிகளால் முடியவில்லை. பல காயங்கள் சேர்ந்திருந்தவர்களுக்கும், நம்பிக்கை ஏற்கனவே குறைவாக இருந்தவர்களுக்கும் அந்த அமர்வுகள் போதவில்லை.

அவருடைய வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. தன் முறை எங்கே உடைகிறது என்று பார்த்து, அந்த உடைப்பிலிருந்து அடுத்த படியைச் செய்த விதம் அபூர்வம்.

கணுக்காலில் மின்முனை

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோன் 2006ல் ஒரு பரிசோதனை செய்திருந்தார். மணமான பெண்ணை மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் மின்முனை பொருத்துவார்கள். திரையில் சிவப்பில் பெருக்கல் குறி வந்தால், சிறு மின்னதிர்ச்சி வர 20 சதவீத வாய்ப்பு. ஒரு முறை தனியாக, ஒரு முறை முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை கணவர் கையைப் பிடித்துக்கொண்டு. கணவர் கையைப் பிடித்திருக்கும்போது அபாயத்துக்கு மூளை காட்டும் பரபரப்பு குறைந்தது. திருமணம் நன்றாக இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது.

ஜான்சன் கேட்டது: உறவு கெட்டுப்போயிருக்கும் தம்பதிகளுக்கு இப்படிக் குறையுமா? சிகிச்சைக்குப் பின் மாறுமா? கோனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 2013ல் வெளியானது. சிகிச்சைக்கு முன், துணையின் கை பெரிதாக உதவவில்லை. சிகிச்சைக்குப் பின், அதே கையைப் பிடித்தபோது மூளையின் அச்சப் பதில் தணிந்தது.

அருமையான வடிவமைப்பு, ஆனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். பங்கேற்ற தம்பதிகள் குறைவு. சிகிச்சை பெறாத ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. இரண்டாம் முறை ஸ்கேனருக்குள் போகிறவருக்கு முதல் முறை இருந்த பதற்றம் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. மேடைகளில் இந்த ஆய்வு ‘காதல் மூளையை மாற்றுகிறது’ என்ற அளவுக்கு ஊதப்பட்டதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

புத்தகம்

‘ஹோல்ட் மீ டைட்’ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, பல மொழிகளுக்குப் போனது. சிகிச்சையின் படிகளை அது தம்பதிகள் தாங்களே நடத்தக்கூடிய ஏழு உரையாடல்களாக மாற்றியது. முதல் உரையாடல், தங்கள் சண்டையின் சுழலை இருவரும் சேர்ந்து அடையாளம் காண்பது. ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்குவது, ஒருவர் துரத்த மற்றவர் விலகுவது, இருவருமே உறைந்து ஒதுங்குவது என மூன்று வகைச் சுழல்களை விவரித்தார். சண்டையின் வெளித்தோற்றம் பணமோ பிள்ளைகளோ வேலையோ எதுவாக இருந்தாலும், உள்ளே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான் என்றார்: நான் கூப்பிட்டால் வருவாயா?

அவருடைய வாசகங்கள் எளியவை, ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதாவது ஒரு ஆய்வறையின் வேலை இருக்கும். நடனம் என்ற உருவகத்தை அவர் விடாமல் பயன்படுத்தினார். அர்ஜென்டினா டாங்கோ ஆடுவதில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. 2013ல் காதலின் அறிவியல் பற்றி ‘லவ் சென்ஸ்’ எழுதினார். புத்தகத்தை ஒட்டிய குழுப் பயிற்சிகள் வந்தன. ஒட்டாவாவில் இதய நோயாளிகளுக்கும் அவர்களின் துணைவர்களுக்கும் ஏற்றபடி ஒரு பயிற்சி உருவானது. மாரடைப்புக்குப் பிறகு வீட்டில் இருவரும் பயத்தை ஒளித்துக்கொண்டு வாழ்வதை நேரில் தொட்ட பயிற்சி அது. 2016ல் ஆர்டர் ஆஃப் கனடா விருதுக்குத் தேர்வானார்.

புத்தகம் சிகிச்சைக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. சிகிச்சை அறையில் நிதானமாக மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்; பேச்சு கெட்டுப்போகும் நொடியில் அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். வீட்டில் அந்த ஆள் இல்லை. நல்லபடியாக இருக்கும் உறவை இன்னும் நெருக்கமாக்க நினைப்பவர்களுக்குப் புத்தகம் தாராளமாகப் போதும். இறுகிப்போன உறவுக்கு அது நல்ல தொடக்கம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் வன்முறை நடந்துகொண்டிருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது என்று அந்த முறையே சொல்கிறது. அடிக்கிறவர் முன்னால் உட்கார்ந்து தன் பயத்தை வெளியே எடுத்து வைப்பது பாதிக்கப்பட்டவருக்கு ஆபத்து. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கும் நிலையிலும் இதைத் தொடங்குவதில்லை.

எழும் கேள்விகள்

உணர்ச்சி மையச் சிகிச்சையைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் எண்கள் 1999ல் வந்த ஒரு தொகுப்பாய்வை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வைச் சேர்ந்தவை: சிகிச்சை முடிவில் 70 முதல் 73 சதவீதத் தம்பதிகள் துயர நிலையிலிருந்து மீண்டார்கள், சுமார் 90 சதவீதத்தினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்தத் தொகுப்பாய்வை எழுதியவர்களில் ஜான்சனும் கிரீன்பெர்க்கும் உண்டு. சேர்க்கப்பட்ட ஆய்வுகளும் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. எண்களில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு முறையை நேசிப்பவர்கள் அதைச் சோதித்தால் பலன் கூடுதலாகத் தெரியும் என்பது உளச்சிகிச்சை ஆய்வில் நன்கு அறியப்பட்ட விஷயம், அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஆய்வு ஒன்று 1992ல் வந்தது. கோல்ட்மன் என்ற ஆய்வாளரும் கிரீன்பெர்க்கும் செய்தது. 42 தம்பதிகள், இஎஃப்டி ஒரு பக்கம், குடும்ப அமைப்பு முறையைத் தழுவிய சிகிச்சை இன்னொரு பக்கம். சிகிச்சை முடிந்ததும் இரண்டும் சமம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, இஎஃப்டி பெற்றவர்கள் சறுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் பெற்றதைத் தக்கவைத்திருந்தார்கள். இதைச் செய்தவர்களில் ஒருவர் இஎஃப்டியின் கர்த்தாக்களில் ஒருவர் என்பதால் இதன் எடை கூடுகிறது. ஜான்சனின் பொது எழுத்தைப் படித்து வருபவர்களின் கண்ணில் இந்த ஆய்வு எளிதில் படாது. படவேண்டும் என்பது என் கருத்து.

மறுபக்கமும் உண்டு. ஒட்டாவாவுக்கு வெளியே வேறொரு குழு, பயிற்சி நிலையில் இருந்த ஆலோசகர்களைக் கொண்டு நடத்தி 2000ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு அமர்வுகளிலேயே பலன் கிடைத்தது. கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வித்தை இல்லை என்பதற்கு அது சான்று. நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் நடத்தியதில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் முன்னேற்றம் நின்றது. 2019ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இஎஃப்டியையும் நடத்தை வழிச் சிகிச்சையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுமே உதவுகின்றன, ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தது. பிணைப்பு என்று பார்த்தால் மட்டுமே உறவு தேறும் என்ற ஜான்சனின் உறுதியான குரலுக்கு இந்த முடிவு இடம் கொடுக்கவில்லை. தம்பதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகள் திறந்திருக்கின்றன என்று நான் இதைப் படிக்கிறேன்.

அவர் எழுத்தில் எனக்கு நெருடும் இடமும் இதுதான். ஆய்வுக் கட்டுரைகளில் அளந்து பேசுபவர், பொதுப் புத்தகத்தில் காதலின் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்ற தொனியில் எழுதுகிறார். இருந்தாலும் அவர் தொனியைக் குறைகாண நமக்குக் கையில் இருக்கும் சான்றுகளில் பாதி, அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. பரிசோதனைக்கே உட்படாத ஓர் எழுத்தாளரிடம் இப்படி விவரமாக மாறுபடக்கூட முடியாது.

2019ல் பிணைப்புக் கோட்பாட்டைத் தனிமனிதச் சிகிச்சைக்கும் குடும்பச் சிகிச்சைக்கும் விரித்து ஆலோசகர்களுக்கான நூல் ஒன்றை எழுதினார். தம்பதிகள் விஷயத்தில் சேர்ந்திருக்கும் அளவுக்கு அங்கே ஆய்வுகள் சேரவில்லை. 2024 ஏப்ரல் 23 அன்று, 76வது வயதில் புற்றுநோயால் காலமானார். பல நாடுகளில் அவருடைய முறையைப் பயின்ற ஆலோசகர்கள் இன்றும் தங்கள் அமர்வுகளைப் பதிவு செய்து, பயிற்சியாளரோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். இனி வேண்டியது, அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் அதிகத் தம்பதிகளை வைத்து, எட்டு வாரத்தோடும் நான்கு மாதத்தோடும் நிறுத்தாமல் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள்.